கீழடி மண் பாம்பும் எகிப்து நீல நீர்யானையும்: குட்டி உருவங்கள் சொல்வது என்ன?

வண்டியூர் தெப்பக்குளத்தில் பைக்கை எடுத்து, ரிங் ரோடு, சிலைமான் வழியாகப் போனால் கீழடி வந்துவிடும். 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகத்தில் பானை, தங்கம், தமிழி எழுத்துன்னு பார்த்துட்டு உடனே கிளம்பிடாதீங்க. உள்ளங்கைக்குள் அடங்கும் சுடுமண் உருவங்களையும் கொஞ்சம் நின்று பாருங்க.

கீழடியில் என்ன கிடைத்தது?

மனித, விலங்கு உருவங்கள் பல கட்ட அகழாய்வுகளில் கிடைத்துள்ளன. 9-ம் கட்டத்தில், 2023-ல், ஒரு பாம்பின் தலை வெளிவந்தது. நீளம் சுமார் 6.5 செ.மீ.தான். கையாலேயே செய்து, கண்ணும் வாயும் வைத்துச் சுட்டிருக்கிறார்கள்.

எகிப்தில் எப்படிச் செய்தார்கள்?

அவர்களின் ‘ஃபயன்ஸ்’ களிமண்ணே அல்ல. குவார்ட்ஸ் கல்லைப் பொடியாக்கி, சுண்ணாம்பு, கார உப்பு, கொஞ்சம் செம்பு சேர்த்துச் சுட்டால் மேலே நீலப் பளபளப்பு வரும். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் உள்ள ‘வில்லியம்’ என்ற நீர்யானை இந்த வகைதான். நீளம் 20 செ.மீ., வயது சுமார் 3,900 ஆண்டுகள். உடம்பு முழுக்கத் தாமரை வரைந்திருக்கும்.

கால்கள் ஏன் உடைந்தன?

வில்லியமின் மூன்று கால்கள் இப்போது ஒட்டவைத்தவை. இறந்தவரை மறுமையில் அது தாக்கிவிடக் கூடாதென்று வேண்டுமென்றே உடைத்திருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் கருத்து. பொம்மை கல்லறையில் கிடைத்ததால்தான் இந்த விளக்கமே சாத்தியமானது.

நம்ம ஊரில்?

புரவி எடுப்பில் அய்யனாருக்கு நேர்ந்துவிட்ட மண் குதிரையை யாரும் வீட்டுக்குத் தூக்கிவருவதில்லை. கோயில் வாசலிலேயே வெயிலிலும் மழையிலும் நிற்கும். அதே மாதிரி ஒரு குதிரை வீட்டுத் திண்ணையில் இருந்தால் விளையாட்டுச் சாமான். உருவம் ஒன்றுதான், இருக்கும் இடம்தான் அர்த்தத்தை மாற்றுகிறது.

நீங்கள் என்ன செய்யலாம்?

வைகைக் கரை வயலிலோ, வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போதோ இப்படி ஏதாவது தட்டுப்பட்டால் எடுத்துக் கழுவி ஷோகேஸில் வைக்காதீங்க. எந்த ஆழம், பக்கத்தில் அடுப்பா, எலும்பா, உறைகிணறா என்ற தகவல் அத்தோடு போய்விடும். கிடந்த இடத்திலேயே போட்டோ எடுத்து, விஏஓவிடம் சொல்லுங்க. மண்ணில் கிடைக்கும் புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ம் ஆண்டு சட்டமே இருக்கிறது.

இடம் தெரிந்தால் அது வரலாறு. தெரியாவிட்டால் வெறும் மண் பொம்மைதான்.