ஆகஸ்ட் 15 இருக்க ஜனவரி 26 எதற்கு? குடியரசு தினம் பிறந்த வரலாறு

புதுதில்லி: தலைநகரின் புசா ரோட்டில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி ஒன்று இயங்கி வருகிறது. நாட்டின் பிற பள்ளிகளைப் போலவே அங்கும் ஆண்டுக்கு இருமுறை மூவர்ணக் கொடிக்கு மாணவர்கள் வணக்கம் செலுத்துகின்றனர். விடுதலை கிடைத்தது ஒருமுறைதானே, விழா மட்டும் ஏன் இருமுறை? மாணவர்களுக்கு இயல்பாக எழும் இக்கேள்விக்கான விடை, 1929-ஆம் ஆண்டில் தொடங்குகிறது.

முதல் 'சுதந்திர தினம்'

1929 டிசம்பரில் ஜவாஹர்லால் நேரு தலைமையில் லாகூரில் கூடிய காங்கிரஸ் மாநாடு, முழு விடுதலையே இலக்கு என்று தீர்மானம் நிறைவேற்றியது. பிரிட்டிஷ் பேரரசுக்குள் தன்னாட்சி பெற்றால் போதும் என்ற நிலைப்பாடு அத்துடன் கைவிடப்பட்டது. 1930 ஜனவரி 26 சுதந்திர தினமாக அறிவிக்கப்பட்டு, அன்று நாடெங்கும் மக்கள் கூடி உறுதிமொழி ஏற்றனர். அதன் பிறகு ஆண்டுதோறும் அந்நாளே சுதந்திர தினமாகக் கடைப்பிடிக்கப்பட்டது.

ஆனால், உண்மையான விடுதலை 1947 ஆகஸ்ட் 15 அன்று கிடைத்தது. அத்தேதியைத் தேர்ந்தெடுத்தவர் அன்றைய வைஸ்ராய் மவுண்ட்பேட்டன். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் சரணடைந்த நாள் அது. இதனால், 17 ஆண்டுகள் சுதந்திர தினமாக இருந்த ஜனவரி 26 அந்தச் சிறப்பை இழந்தது.

காத்திருந்த அரசியலமைப்பு

விடுதலைக்குப் பிறகும் இந்தியா உடனடியாகக் குடியரசாகவில்லை. பிரிட்டிஷ் மன்னர் ஆறாம் ஜார்ஜே நாட்டின் பெயரளவுத் தலைவராக நீடித்தார். அவரது பிரதிநிதியாகத் தலைமை ஆளுநர் பதவி வகித்தார்.

நாட்டுக்கான அரசியலமைப்பை வகுக்கும் பணி 1946 டிசம்பர் 9-ஆம் தேதி தொடங்கியது. வரைவுக் குழுவின் தலைவராக டாக்டர் அம்பேத்கர் இருந்தார். சென்னை மாகாணத்தைச் சேர்ந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் அக்குழுவில் இடம்பெற்றார். அம்மு சுவாமிநாதன், தாக்ஷாயணி வேலாயுதன் ஆகியோர் அம்மாகாணத்திலிருந்து அரசியலமைப்பு நிர்ணய சபைக்குச் சென்ற பெண் உறுப்பினர்கள் ஆவர்.

1949 நவம்பர் 26 அன்று அரசியலமைப்பு ஏற்றுக்கொள்ளப்பட்டது. குடியுரிமை உள்ளிட்ட சில பிரிவுகள் அன்றே நடைமுறைக்கு வந்தன. எஞ்சியவை இரண்டு மாதங்கள் காத்திருந்தன. 1930-இல் ஏற்ற உறுதிமொழியின் நினைவைப் போற்றும் வகையில், 1950 ஜனவரி 26 அன்று அரசியலமைப்பு முழுமையாக நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டது. சிறப்பை இழந்திருந்த தேதி, இவ்வாறு குடியரசு தினமாக மறுபிறவி எடுத்தது.

வேதாரண்யம் முதல் தர்பார் மண்டபம் வரை

அன்று காலை தற்போதைய குடியரசுத் தலைவர் மாளிகையின் தர்பார் மண்டபத்தில், இந்தியா குடியரசாகும் பிரகடனத்தை வாசித்தவர் கடைசித் தலைமை ஆளுநர் ராஜாஜி. 1930-இல் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பு சத்தியாக்கிரக யாத்திரை நடத்திச் சிறை சென்ற அவரே, இருபது ஆண்டுகளுக்குப் பின் மன்னரின் பிரதிநிதி என்ற பதவி முடிவுக்கு வந்ததற்கும் சாட்சியானார். தொடர்ந்து ராஜேந்திர பிரசாத் முதல் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றார்.

முதல் அணிவகுப்பு இர்வின் அரங்கில் நடைபெற்றது. இந்தோனேசிய அதிபர் சுகர்ணோ சிறப்பு விருந்தினராகப் பங்கேற்றார். அதன் பின்னர் தில்லியின் வெவ்வேறு இடங்களில் நடைபெற்ற அணிவகுப்புக்கு, 1955 முதல் ராஜபாதை நிரந்தர இடமாயிற்று. 2022-இல் அச்சாலைக்குக் கடமைப் பாதை எனப் பெயர் மாற்றப்பட்டது. ஜனவரி 29 அன்று விஜய் சவுக்கில் முப்படைகளின் இசைக் குழுக்கள் பங்கேற்கும் பாசறை திரும்பும் நிகழ்ச்சி நடத்தப்படுகிறது.

கொடியிலும் வேறுபாடு

சுதந்திர தினத்தன்று செங்கோட்டையில் பிரதமர் கொடியைக் கம்பத்தின் கீழிருந்து மேலே ஏற்றுகிறார். குடியரசு தினத்தன்று, கம்பத்தின் உச்சியில் மடித்துக் கட்டப்பட்டிருக்கும் கொடியைக் குடியரசுத் தலைவர் விரித்துப் பறக்கவிடுகிறார். அந்நிய ஆட்சியிலிருந்து நாடு எழுந்ததை முதலாவது குறிக்கிறது. ஏற்கெனவே விடுதலை பெற்ற நாடு தனக்கான சட்டத்தை ஏற்றதை இரண்டாவது குறிக்கிறது என விளக்கப்படுகிறது.

குடிமக்கள் பெற்றது என்ன?

பிரிட்டிஷ் ஆட்சியில் சொத்து, வரி, கல்வி ஆகியவற்றின் அடிப்படையிலேயே வாக்குரிமை வழங்கப்பட்டது. பெரும்பாலான ஏழைகளுக்கும் பெண்களுக்கும் அது எட்டாக்கனியாகவே இருந்தது. வயது வந்த அனைவருக்கும் வாக்குரிமை என்பதைப் புதிய அரசியலமைப்பின் 326-ஆவது பிரிவு உறுதி செய்தது. அதன்படி 1951-52-இல் முதல் பொதுத்தேர்தல் நடைபெற்றது. எழுத்தறியாதோரும் அடையாளம் காணும் வகையில் வாக்குப்பெட்டிகளில் சின்னங்கள் பொறிக்கப்பட்டன.

அந்நியர் ஆட்சி அகன்ற நாள் ஆகஸ்ட் 15. ஆள்பவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஒவ்வொரு குடிமகனுக்கும் சட்டமாகக் கிடைத்த நாள் ஜனவரி 26. விழா இருமுறை கொண்டாடப்படுவது இதனால்தான்.