ஸ்டுடியோவுக்கு லேப்டாப் வாங்கும் முன்...

கடையில் ஒரு மூட்டை சரக்கு கெட்டுப்போனால் வேறு மூட்டை கொள்முதல் செய்து வாடிக்கையாளருக்குக் கொடுத்துவிடலாம். தாலி கட்டிய நேரத்துப் படம் அழிந்துபோனால் எந்த மொத்த வியாபாரியிடம் போய் வாங்குவது? போட்டோ ஸ்டுடியோ நடத்தும் வணிகர்கள் லேப்டாப் வாங்கக் கிளம்பும்போது முதலில் நினைக்க வேண்டியது இதைத்தான்.

ராயப்பன்பட்டி, உத்தமபாளையம், கம்பம் வட்டாரத்தில் கல்யாணம், காதுகுத்து, புதுநன்மை என்று ஸ்டுடியோக்காரர்களுக்கு வேலை இருக்கிறது. மலையேறிக் குமுளி பக்கமும் போய்ப் படம் எடுக்கிறார்கள். போகிற இடத்துக்கு எடுத்துச் செல்லவும், கரண்ட் போனாலும் கைவேலையை முடிக்கவும் லேப்டாப் வசதிதான். ஆனால் அது வேலை செய்யும் மேஜை, குடோன் அல்ல. இதை மறந்துவிட்டு எல்லாப் படங்களையும் அதிலேயே அடைத்து வைப்பதில்தான் ஆபத்து இருக்கிறது.

ஒரு கல்யாணத்தின் கணக்கு

24 மெகாபிக்சல் கேமராவில் 'ரா' முறையில் எடுக்கும் படம் ஒன்று சுமார் 30 எம்.பி. வரும். 3,000 படம் எடுத்தால் 90 ஜி.பி. விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவாகும் வீடியோ, மணிக்கு 45 ஜி.பி. பிடிக்கும். நான்கு மணி நேரத்துக்கு 180. ஆக, ஒரே கல்யாணத்துக்கு 270 ஜி.பி. 512 ஜி.பி. லேப்டாப்பில் இரண்டு கல்யாணம்கூட முழுதாகக் கொள்ளாது.

கடையில் கேட்க வேண்டியவை

திரை: எஸ்.ஆர்.ஜி.பி. வண்ணங்களில் 100 சதவீதம் அல்லது அதற்கு அருகில் காட்டுகிறதா என்று கேளுங்கள். விலை குறைந்த பல லேப்டாப்களில் '45 சதவீத என்.டி.எஸ்.சி.' என்று போட்டிருப்பார்கள். அதில் பட்டுச்சேலையின் அரக்குச் சிவப்பு ஒரு மாதிரி தெரியும். ஆல்பம் அச்சாகி வரும்போது வேறு மாதிரி இருக்கும். '72 சதவீத என்.டி.எஸ்.சி.' என்றால் ஏறக்குறைய முழு எஸ்.ஆர்.ஜி.பி. என்று கொள்ளலாம்.

ராம்: 16 ஜி.பி.க்குக் குறையாமல் இருக்கட்டும். வீடியோ எடிட்டிங்கும் உண்டென்றால் 32 நல்லது. சில லேப்டாப்களில் ராம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும்; பின்னால் கூட்ட முடியாது. கூட்ட இடமுண்டா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

டிஸ்க்: எஸ்.எஸ்.டி. 1 டி.பி. இருந்தால் நடப்பு வேலைக்குப் போதும்.

சர்வீஸ்: பழுதானால் ஆள் கடைக்கே வருவாரா, தேனிக்கோ மதுரைக்கோ தூக்கிப்போக வேண்டுமா? முகூர்த்த மாதத்தில் ஒரு வாரம் மெஷின் கையில் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது உங்களுக்கே தெரியும்.

பில்: ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவர்கள் நிறுவனத்தின் பெயரும் பதிவு எண்ணும் போட்டு பில் வாங்க வேண்டும். வியாபார உபயோகத்துக்கு வாங்கும் லேப்டாப்புக்குக் கட்டும் 18 சதவீத வரியை உள்ளீட்டு வரியாக வரவு எடுக்கலாம். காம்போசிஷன் முறையில் இருப்பவர்களுக்கு இது கிடையாது.

மூன்று காப்பி

1998-ல் அமெரிக்காவின் பிக்சார் நிறுவனத்தில் 'டாய் ஸ்டோரி 2' படவேலை நடந்துகொண்டிருந்தபோது, தவறாகக் கொடுத்த ஒரு கட்டளையால் படத்தின் கோப்புகளில் பெரும்பகுதி அழிந்தது. பாதுகாப்புக்காக எடுத்து வைத்த காப்பியும் சரியாகப் பதிவாகவில்லை. குழந்தை பிறந்ததால் வீட்டிலிருந்து வேலை பார்த்து வந்த கேலின் சஸ்மன் என்ற அதிகாரியின் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்த காப்பிதான் கைகொடுத்தது. அத்தனை பெரிய நிறுவனத்தைக் காப்பாற்றியது வேறொரு இடத்தில் இருந்த ஒரு காப்பி.

நாமும் அதையே செய்யலாம். லேப்டாப்பில் ஒன்று, கடையில் உள்ள வெளி ஹார்டு டிஸ்க்கில் ஒன்று, வீட்டில் வைக்கும் இன்னொரு டிஸ்க்கில் ஒன்று. கடையில் திருட்டோ தீயோ நேர்ந்தாலும் வீட்டில் உள்ளது மிஞ்சும். இரண்டு காப்பி எடுத்துத் திறந்து பார்க்கும்வரை கேமரா கார்டை அழிக்கக்கூடாது. மாதம் ஒருமுறை பழைய டிஸ்க்குகளை மாட்டிச் சில படங்களைத் திறந்து பாருங்கள். இருப்பு சரிபார்ப்பது போலத்தான்.

கையில் உள்ள தொகை முழுவதையும் லேப்டாப்பிலேயே போட்டுவிட வேண்டாம். பட்ஜெட் இடித்தால் பிராசசரில் ஒரு படி இறங்குங்கள். வேலை சற்றுத் தாமதமாகும், அவ்வளவுதான். இரண்டு வெளி டிஸ்க்குக்கான பணத்தில் கை வைக்காதீர்கள்.

படங்களை எத்தனை மாதம் பாதுகாத்துத் தருவோம் என்பதை ஆர்டர் பில்லிலேயே அச்சடித்துவிடுவது இருதரப்புக்கும் நல்லது. வாடிக்கையாளர் நம்மிடம் ஒப்படைப்பது அவர் வீட்டு நல்ல நாளை. அது பத்திரமாக இருந்தால் அடுத்த விசேஷத்துக்கும் அவர் நம் கடைப் படியேறுவார்.