வேட்டிச் சாயம் வயிற்றுக்குள் போன கதை

எலவனாசூர்கோட்டையிலிருந்து ஒரு வாசகி கடிதம் எழுதியிருக்கிறார். மருமகளுக்குக் கல்யாணமாகி நான்கு வருடம், குழந்தையில்லை. வயிற்றில் ஓட்டை போட்டு டிவியில் பார்ப்பார்களாம், நீலச் சாயமும் விடுவார்களாம். ‘அது உடம்பிலேயே தங்கிவிடாதா?’ என்று கேட்கிறார்.

லேப்ராஸ்கோப்பி இப்போது ஊரறிந்த பெயர். தொப்புளருகே சிறு துளை, வயிற்றை உப்பவைக்கக் கரியமில வாயு, கேமரா பொருத்திய குழல். இதிலெல்லாம் எனக்கு வியப்பில்லை; என்னை இழுப்பது அந்தச் சாயம்தான்.

கருக்குழாய் திறந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. கேமரா அதை எவ்வளவு பெரிதாகக் காட்டினாலும் வெளித்தோலைத்தான் காட்டும். உள்வழியோ சில இடங்களில் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. எங்கள் கொல்லையில் மண்ணுக்கடியில் போகும் பைப் அடைத்துக்கொண்டால், அப்பா கிணற்றுமேட்டுத் தொட்டியில் சாணத்தைக் கரைத்துவிட்டு, கடைசி வாய்க்குப் போய் உட்கார்ந்துகொள்வார். கலங்கல் வந்தால் வழி இருக்கிறது.

இங்கேயும் அதே வேலைதான். கருப்பை வாய் வழியே மெத்திலீன் நீலத்தைச் செலுத்துகிறார்கள். மேலே கேமரா காத்திருக்கிறது. விரல் விரலாக விரிந்த குழாய் நுனியில் நீலம் சொட்டினால் திறந்திருக்கிறது. குழாய் உப்பியும் சொட்டாவிட்டால் நுனியில் அடைப்பு. குழாய்க்குள்ளேயே நுழையாவிட்டால் கருப்பையோரம் அடைப்பு. சில சமயம் வெறும் தசை இறுக்கமும் அப்படி ஏமாற்றும்.

இந்த நீலம் மருந்தாகப் பிறந்ததல்ல. 1876இல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனத்தில் ஹைன்ரிஷ் காரோ பருத்தித் துணிக்காகச் செய்த சாயம். 1891இல் பால் எர்லிக் இதையே மலேரியாவுக்குக் கொடுத்துப் பார்த்தார்.

நம் நாட்டில் கருக்குழாய் அடைப்புக்குக் காசநோயும் ஒரு முக்கியக் காரணம். இருமலே இல்லாமல் அங்கே ஒளிந்திருக்கும். குருணை தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகளாகக் கேமராவில் அகப்படுவதும் உண்டு. அரசு மருத்துவமனைகளில் அதற்கு மருந்து இலவசம்.

அம்மா, இரண்டு பக்கக் கடிதத்தில் உங்கள் மகனைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே? குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறையப் பாதிப் பேரிடம் ஆண் பக்கக் காரணமும் இருக்கிறது. விந்துப் பரிசோதனைக்கு மயக்க ஊசி வேண்டாம், துளை வேண்டாம். ஆனாலும் நம் பக்கத்தில் அரசமரம் சுற்றுவதிலிருந்து ஆபரேஷன் மேசை வரை மருமகள்தான் போகவேண்டியிருக்கிறது. முதலில் மகனைக் கூட்டிப்போங்கள்.

அதன் பிறகும் மருமகளுக்கு இந்தச் சோதனை தேவைப்பட்டால் பயப்படவேண்டாம்; சாயம் உடம்பில் தங்காது. ஓரிரு நாள் சிறுநீர் பச்சையாகப் போகலாம். அதை மட்டும் அவளிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.