வயற்சேற்றில் உறையும் நோயும் ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளர் பணியும்

மட்டக்களப்பு வாவி ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமுடையது. வாவிக்கும் கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் ஒடுங்கிய நிலம் எழுவான்கரை எனவும், வாவிக்கு மேற்கே பரந்து செல்லும் வயல்நிலம் படுவான்கரை எனவும் வழங்கப்படும். வடகீழ்ப் பருவமழை தொடங்கியதும் படுவான்கரையிலே பெரும்போக வேளாண்மை தொடங்கிவிடும். உழுதல், வரம்பு கட்டுதல், களை பிடுங்குதல் ஆகிய தொழில்கள் யாவும் சேற்றிலும் நீரிலும் நின்றே செய்யப்படுவன. உழவர் பெரும்பாலும் வெறுங்காலுடனேயே வயலில் இறங்குவர். காலிலே முள் கிழித்த காயமோ மண்வெட்டி பட்ட கீறலோ இருப்பினும் அதனைப் பொருட்படுத்தி வேலையை நிறுத்துவார் சிலரே.

நெல்லை விளைவிக்கும் இச் சேறு ஒரு கொடிய நோய்க்கும் உறைவிடமாக உள்ளதென்பதைப் பலர் அறியார். அந் நோய் மெலியோய்டோசிஸ் எனப்படும். காய்ச்சல், இருமல், கட்டி எனப் பல வேடங்களில் வரும் இந் நோயை, நோயாளியின் தோற்றத்தை மாத்திரங் கொண்டு துணிதல் அரிது. வைத்தியசாலையின் ஆய்வுகூடத்திலே குருதியையோ சீழையோ வளர்த்துப் பார்க்கும் தொழினுட்பவியலாளரின் கண்ணே அதனை முதலிற் காண்கின்றது. அக் கண் காணத் தவறின், நோய் பெயர் பெறாமலே ஆளைக் கொண்டுசென்றுவிடும். ஆதலின், இந் நோயின் இயல்பையும், அதனைக் கண்டறிவதில் ஆய்வுகூடப் பணி பெறும் இடத்தையும் ஈண்டு நோக்குதல் தகும்.

இந் நோய்க்குக் காரணம் பர்க்கோல்டேரியா சூடோமலேயி என்னும் பற்றீரியாவாகும். இது மனிதரை நம்பி வாழ்வதன்று. வெப்பநாடுகளின் மண்ணிலும் தேங்கிய நீரிலும் இயல்பாகவே வாழ்வது. தோலிலுள்ள காயத்தின் வழியாக இது உடலினுட் புகுகின்றது. கடும் மழையும் காற்றும் வீசுங்காலத்திலே நுண்ணிய நீர்த்துளிகளோடு மூச்சுவழியாகவும், தூய்மையற்ற நீரைப் பருகுவதால் வாய்வழியாகவும் புகலாம். ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றுதல் மிக அரிது. நல்ல உடல்நலமுள்ளோர் பலரிடம் இக் கிருமி புகுந்தும் நோய் தோன்றாது போதல் உண்டு. நீரிழிவு உடையோரையே இது பெரிதும் பற்றுகின்றது. நாட்பட்ட சிறுநீரக நோய், தலசீமியா, மிகுந்த மதுப்பழக்கம் ஆகியனவும் ஆபத்தை மிகுவிக்கும்.

நோய் வெளிப்படும் வகை எல்லாரிடத்தும் ஒன்றாயிருப்பதில்லை. சிலருக்கு நியூமோனியாவாகத் தோன்றும். சிலருக்குக் குருதியிற் பரவிச் சில நாட்களிலேயே உயிருக்கு இறுதி விளைக்கும். வேறு சிலருக்கு ஈரலிலும் மண்ணீரலிலும் மூட்டுகளிலும் சீழ்க்கட்டிகள் உண்டாகும். மாதக்கணக்காக நீடித்துக் காசநோய் போலத் தோன்றுவதும் உண்டு. பல்லாண்டுகள் உடலினுள்ளே அடங்கிக் கிடந்து பின்னர் வெளிப்பட்டமையும் அறியப்பட்டுள்ளது.

இங்ஙனம் பிற நோய்களின் சாயலைக் கொண்டு வருவதோடு இது நின்றுவிடவில்லை. வழக்கமாகக் கொடுக்கப்படும் பென்சிலின், ஜென்டாமைசின் முதலிய மருந்துகளுக்கு இக் கிருமி பொதுவாகப் பணிவதில்லை. செப்டாசிடிம் அல்லது மெரோபெனம் என்னும் மருந்தை 10 முதல் 14 நாட்களேனும் நாளத்தின் வழியாகச் செலுத்துதல் வேண்டும். அதன்பின் கோட்ரைமொக்சசோல் என்னும் மருந்தை 3 மாதங்களேனும் உட்கொள்ளுதல் வேண்டும். ஆகவே, நோயின் பெயரை அறிதல் வெறும் ஏட்டறிவன்று. எம் மருந்தை எத்துணைக் காலத்திற்குக் கொடுப்பது என்பது அப் பெயரையே பொறுத்துள்ளது. நோயுற்றோருள் இறப்போர் தொகை அவுஸ்திரேலியாவின் வடபகுதியிலே நூற்றுக்குப் பத்து அளவிலும், தாய்லாந்தின் வடகிழக்கிலே நூற்றுக்கு நாற்பது அளவிலும் இருந்ததாக ஆய்வாளர் கூறுவர். இரு நாட்டிலும் கிருமி ஒன்றே. விரைந்து கண்டறிதலும் உரிய சிகிச்சையும் கிடைக்கும் அளவே இவ் வேற்றுமைக்குப் பெருங் காரணமாகும்.

இந் நோயின் வரலாறும் ஆய்வுகூடத்திலேயே தொடங்குகின்றது. 1911ஆம் ஆண்டிலே இரங்கூன் நகர வைத்தியசாலையிற் பணியாற்றிய அல்பிரட் விற்மோர் என்பாரும் அவர்தம் உதவியாளர் சி. எஸ். கிருஷ்ணசுவாமியும், இறந்தோர் உடல்களைச் சோதித்தபோது ஒருவகைச் சீழ்க்கட்டிகளைக் கண்டனர். அவை குதிரைகளுக்கு வரும் கிளாண்டர்ஸ் என்னும் நோயை ஒத்திருந்தன. கண்டதை அந் நோயெனவே எழுதிவிட்டுச் செல்லுதல் எளிது. அவர்கள் அவ்வாறு செய்திலர். கிருமியை வளர்த்து ஒப்புநோக்கினர். கிளாண்டர்ஸ் நோய்க் கிருமி அசைவற்றது; இதுவோ அசைவுடையதாயும் விரைந்து வளர்வதாயும் இருந்தது. இது வேறொரு நோய் என்பதை 1912ஆம் ஆண்டிலே வெளியிட்டனர். பின்னர் 1921ஆம் ஆண்டிலே, மலாயாவில் ஆராய்ச்சி செய்த ஸ்ராண்டனும் பிளெச்சரும் இதற்கு மெலியோய்டோசிஸ் என்னும் பெயரை இட்டனர்.

இலங்கையிலே 1927ஆம் ஆண்டில் ஐரோப்பியர் ஒருவரிடத்து இந் நோய் இருந்தமையை டெனி, நிக்கல்ஸ் என்னும் இருவர் எழுதினர். அதன்பின் ஏறக்குறைய எண்பது ஆண்டுகளாக இந் நாட்டிலிருந்து இந் நோய்பற்றி வெளிவந்த குறிப்புகள் மிகச் சிலவே. மண்ணில் வாழும் கிருமி இடைக்காலத்தில் நாட்டை விட்டு நீங்கியிருந்தது எனக் கொள்ளுதற்கு இடமில்லை. கிருமி இருந்தது, அதனைக் காணுதலே இல்லாதிருந்தது. இஃது எவ்வாறு நேர்ந்தது என்பதை அறிய, ஆய்வுகூடத்தினுள்ளே நிகழ்வதைச் சிறிது உற்றுநோக்க வேண்டும்.

மாரிகாலத்திலே படுவான்கரை உழவர் ஒருவர் காய்ச்சலோடு வைத்தியசாலையில் அனுமதிக்கப்படுகின்றார் எனக் கொள்வோம். அவருடைய குருதி, கிருமி வளர்தற்கேற்ற ஊட்டநீர் கொண்ட போத்தலில் எடுக்கப்பட்டு, வேண்டுகைப் பத்திரத்தோடு ஆய்வுகூடத்திற்கு வருகின்றது. போத்தலிலுள்ள பெயரும் பத்திரத்திலுள்ள பெயரும் ஒன்றா என்பதைச் சரிபார்த்தலே தொழினுட்பவியலாளரின் முதற் கடமை. பெயர் மாறினால் நோய் மாறும். நோய் மாறினால் மருந்து மாறும். பின்னர்ப் போத்தல் உடல்வெப்பத்தை ஒத்த வெப்பநிலையில் அடைகாப்புப் பெட்டியில் வைக்கப்படும். ஓரிரு நாட்களிற் கிருமி வளர்ந்தமை தெரியவரும். அப்போது ஒரு துளியை எடுத்துக் கிராம் முறையிற் சாயமேற்றி நுணுக்குக்காட்டியிற் பார்ப்பர். மெல்லிய செந்நிறக் கோல்கள் தென்படும். சிலபோது அவற்றின் இரு முனைகளும் மிகுதியாகச் சாயம் ஏற்று, இடை வெளிறி, உடுப்பிற் குத்தும் ஊக்குப் போலத் தோன்றும். மற்றொரு துளி குருதி கலந்த அகார்த் தட்டிலே பரப்பப்படும். மறுநாட் காலையில் அத் தட்டில் வெளிறிய சிறு புள்ளிகள் காணப்படும்.

இவ்விடத்திலேதான் ஓர் உயிரின் போக்குத் தீர்மானிக்கப்படுகின்றது. அம் முதல் நாளிலே அப் புள்ளிகளிடத்துத் தனிச் சிறப்பு யாதுமில்லை. சில நாட்கள் சென்றபின்னரே அவை உலர்ந்து சுருக்கம் விழுந்து தம் உருவைக் காட்டும். அதற்கு முன் அவை ஈரமான இடங்களில் எங்கும் காணப்படும் சூடோமோனாஸ் இனத்தவை போலவே தோன்றும். குருதி எடுக்கும்போது வெளியிலுள்ள கிருமிகள் போத்தலிற் கலத்தல் எவ் வைத்தியசாலையிலும் நிகழ்வது. அத்தகைய மாசுகளை இனங்கண்டு ஒதுக்குதலும் தொழினுட்பவியலாளரின் திறமையே. ஆனால், அத் திறமையே இங்கே இடறவுங்கூடும். மாசு என ஒரு சொல்லை எழுதித் தட்டை அழித்துவிட்டால், அதனோடு நோயாளிக்குரிய சான்றும் அழிந்துவிடும். தன்னியக்கப் பொறிகளுங்கூடச் சிலவேளை இக் கிருமியை அதன் உறவினமான வேறொன்றாகப் பிழைபடக் குறிப்பதுண்டு.

இப் பிழையைத் தவிர்த்தற்கு அரிய கருவிகள் வேண்டுமென்பதில்லை. ஒட்சிடேசுச் சோதனையில் நேர்விளைவு தருதல், ஜென்டாமைசினுக்கும் கொலிஸ்டினுக்கும் பணியாமை, கோ-அமொக்சிக்கிளாவுக்குப் பணிதல் ஆகிய மூன்றும் ஒருங்கே காணப்படின் இந் நோயை ஐயுறல் வேண்டும். மருந்து தோய்ந்த சிறு வட்டத் தாள்களைத் தட்டின்மேல் வைத்தால், கிருமி பணியும் மருந்தைச் சுற்றி வெறுமையான வளையம் உண்டாகும். பணியாத மருந்தின் ஓரம்வரை கிருமி வளர்ந்திருக்கும். இது நாள்தோறும் செய்யப்படும் சோதனையே. வேண்டியது, வளையங்களை ஒவ்வொன்றாகப் பார்க்காமல் மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் பழக்கம். ஐயம் தோன்றியதும் அறிக்கை அச்சாகும்வரை காத்திராது, நுண்ணுயிரியல் வைத்திய நிபுணர் வாயிலாக நோயாளர் விடுதிக்குச் செய்தி சென்றுவிட வேண்டும்.

இங்கே பிறிதொன்றும் கருதத்தக்கது. வளர்த்தெடுக்கப்பட்ட இக் கிருமி காற்றிற் கலந்தால் ஆய்வுகூடத்தில் நிற்போரையும் பற்றக்கூடும். ஆதலின் ஐயத்துக்குரிய தட்டுகளைப் பாதுகாப்புக் கூண்டினுள் வைத்தே கையாளல் வேண்டும். மண்வாடை போன்றதொரு மணம் இதற்கு உண்டெனினும் தட்டை முகர்ந்து பார்த்தல் கூடாது. வேண்டுகைப் பத்திரத்திலே வயல் வேலை செய்பவர், நீரிழிவு உடையவர் என்னும் இரு குறிப்புகள் எழுதப்பட்டிருப்பின், தொழினுட்பவியலாளர் முன்கூட்டியே விழிப்படைவர். அவ் விரு குறிப்புகளும் நோயாளியின் உயிரையும் காக்கும். அவருடைய குருதியைச் சோதிப்பவரையும் காக்கும்.

இத்தகைய விழிப்பின் பயன் இலங்கையிலே வெளிப்படையாகக் காணப்பட்டது. கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தைச் சேர்ந்த எனோக்கா கொறெயாவும் அவர்தம் குழுவினரும், நாட்டின் பல வைத்தியசாலைகளிலிருந்து ஐயத்துக்குரிய கிருமிகளைப் பெற்று மரபணுச் சோதனையால் உறுதிசெய்யும் ஒழுங்கை ஏற்படுத்தினர். 2006ஆம் ஆண்டிலிருந்து 2014ஆம் ஆண்டு மே மாதம் வரை 32 நோயாளர் உறுதிப்படுத்தப்பட்டனர். அவருட் பெரும்பாலோர் நாட்டுப்புறத்து ஆடவர், நீரிழிவு உடையோர். ஆண்டுதோறும் கண்டறியப்பட்டோர் தொகை உயர்ந்தது. இறப்பின் வீதமோ குறைந்து சென்றது. ஆய்வுகூடத்துக் கண் திறந்தமையும் விடுதியில் மரணம் குறைந்தமையும் ஒருங்கே நிகழ்ந்தன என்பது சிந்திக்கத்தக்கது.

கிழக்கிலங்கைக்கே உரிய சான்று ஒன்றும் உண்டு. கடும் மழை வெள்ளத்தை ஒட்டி இங்கே பத்து நோயாளரின் குருதியில் இக் கிருமி வளர்ந்தமையை 2021ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வுக் கட்டுரை எடுத்துரைத்தது. அக் கிருமிகளின் மரபணுவை ஆராய்ந்தபோது நால்வரிடம் இருந்தது ஒரே வகையினதாயினும், பதின்மரிடத்தும் இருந்தது ஒரே குலத்ததன்று எனத் தெரிந்தது. ஒரு கிணற்றையோ ஒரு குளத்தையோ குற்றஞ்சாட்டி மூடிவிடுவதால் இந் நோயை அகற்றவியலாது என்பது இதனாற் புலனாகும். நிலமே அதன் இல்லம். உலகிலே 2015ஆம் ஆண்டில் 1,65,000 பேர் இந் நோயால் தாக்குண்டிருக்கலாம் என்றும், 89,000 பேர் இறந்திருக்கலாம் என்றும் அறிஞர் கணித்துள்ளனர். கண்டறிந்து அறிவிக்கப்பட்டோர் தொகை இக் கணிப்பிற் சிறு பகுதியே.

ஆய்வுகூட விழிப்பு ஒரு நாட்டின் நலத்தை எத்துணை மாற்றும் என்பதற்கு மலேரியாவின் வரலாறு நல்லதோர் உவமையாகும். விரல்நுனியிலிருந்து எடுத்த குருதித் துளியைக் கண்ணாடித் தகட்டிற் பூசி நுணுக்குக்காட்டியிற் பார்த்தலே மலேரியாவை எதிர்த்த போரின் ஓர் ஆயுதமாயிருந்தது. இலங்கையிலே 1963ஆம் ஆண்டில் மலேரியா கண்டோர் 17 பேர் மாத்திரமே. நோய் ஒழிந்ததென எண்ணி விழிப்புத் தளர்ந்தது. 1969ஆம் ஆண்டிலே ஐந்து இலட்சத்திற்கு மேற்பட்டோர் மீண்டும் நோயுற்றனர். பின்னர்ப் பல்லாண்டுகள் இடையறாது உழைத்ததன் பயனாக, 2012ஆம் ஆண்டுக்குப்பின் உள்நாட்டிலே தோன்றிய மலேரியா இல்லாது போயிற்று. 2016 செப்ரெம்பர் 5ஆம் நாள் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென உறுதிசெய்தது. ஆயிரம் தகடுகளில் ஒன்றும் காணாதபோதும் ஆயிரத்தோராவது தகட்டை முதல் தகடு போலவே பார்த்தவர்களின் பொறுமை இவ் வெற்றியில் அடங்கியுள்ளது.

மருத்துவ ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளராதற்கு உயர்தரத்தில் விஞ்ஞானப் பாடங்களிற் சித்தியெய்தி, உரிய பயிற்சிக் கல்லூரியிலே பயின்று தகைமை பெறுதல் வேண்டும். அல்லது பேராதனை, யாழ்ப்பாணம் முதலிய பல்கலைக்கழகங்களில் இத் துறையிற் பட்டம் பெறலாம். இலங்கை மருத்துவச் சபையிற் பதிவுசெய்தலும் இன்றியமையாதது. வைத்தியராதற்குப் புள்ளி போதாதவர் ஒதுங்கும் இடமாக மாணவர் சிலரும் பெற்றோர் சிலரும் இத் தொழிலைக் கருதுகின்றனர். மேற்கூறியவற்றை நோக்குமிடத்து அக் கருத்துப் பொருந்தாதென்பது தெளிவாகும். வைத்தியரின் அறிவு எத்துணை ஆழமானதாயினும், தட்டில் வளர்ந்ததை மாசு என எறிந்துவிட்ட இடத்தில் அவ்வறிவு செயற்பட வழியில்லை.

திருவள்ளுவர் மருத்துவத்தை நோயாளி, வைத்தியர், மருந்து, அருகிருந்து பணிசெய்வோர் என நான்கு உறுப்பாகக் கண்டார். ஆய்வுகூடத்தில் நிற்பவர் நோயாளியின் அருகில் இருப்பவரல்லர். நோயாளி அவர் முகத்தைக் காண்பதுமில்லை. எனினும் நான்காம் உறுப்பின் கடமையைச் சுவருக்கு அப்பாலிருந்து ஆற்றுபவர் அவரே. நன்றி அவரைத் தேடி வருதல் அரிது. பிழை நேர்ந்தாலும் அதனை அறிவார் இரார். ஆகவே அவரை நேர்வழியில் நிறுத்துவது அவருடைய மனச்சான்று ஒன்றே.

நமது கல்லூரிகளிற் பயிலும் மாணவருட் பலர் உழவர் வீட்டுப் பிள்ளைகள். காயத்தை மூடி, முழங்கால்வரை காலணி அணிந்து வயலில் இறங்குதல், நீரைக் கொதிக்கவைத்துப் பருகுதல், நீரிழிவைக் கட்டுப்பாட்டில் வைத்தல், காய்ச்சல் வந்தால் தாம் வயலில் வேலை செய்வதை வைத்தியரிடம் தாமாகவே கூறுதல் ஆகிய நான்கையும் அவர்கள் தம் இல்லங்களிற் சொல்லலாம். அவர்களுள் ஒருவர் நாளை வெள்ளை மேலங்கி அணிந்து ஆய்வுகூடத்தில் நிற்கவுங்கூடும். அன்று தம்முன் உள்ள தட்டிலே சிறப்பொன்றும் இல்லாத சில வெளிறிய புள்ளிகள் தோன்றுமாயின், அவற்றை எறியுமுன் அக் குருதிக்குரியவர் எந்த வயலிலிருந்து வந்தவர் என ஒருமுறை எண்ணிப் பார்ப்பாராக.