கர்ப்பப்பை இறக்கம்: மறைக்க வேண்டாம்

முகாமிலிருந்து வீடு திரும்பும் முதல் வாரங்களில் பெண்களுக்குப் பாரமான வேலை அதிகம். சேறு அள்ளுவது, சாமான் தூக்குவது, பீலியில் தண்ணீர் பிடித்துச் சுமப்பது, விறகு கொண்டுவருவது, இவற்றோடு கொழுந்துக் கூடையும் உண்டு. ஏற்கனவே கர்ப்பப்பை இறங்கியிருக்கும் பெண்ணுக்கு இந்த நாட்களில் தொந்தரவு கூடலாம்.

இது ஏன் வருகிறது?

இடுப்பின் அடியிலுள்ள தசைகள் கர்ப்பப்பை, சிறுநீர்ப்பை, மலக்குடல் ஆகியவற்றைத் தொட்டில் போலத் தாங்குகின்றன. பிள்ளைப்பேறு, பாரம் தூக்குதல், நீண்டநாள் இருமல், மலச்சிக்கல், வயது ஆகியவற்றால் தசைகள் தளர்ந்தால் உறுப்புகள் கீழிறங்கும். இது தொற்று நோயல்ல, உங்கள் தவறுமல்ல.

அறிகுறிகள்

அடிவயிற்றில் பாரம், பெண்ணுறுப்பில் பந்து போல ஏதோ தட்டுப்படுதல், இருமும்போது சிறுநீர் கசிதல். நின்று வேலை செய்த நாளில் மாலையில் இவை கூடும்.

பயிற்சி

சிறுநீரையும் காற்றையும் அடக்குவது போல அடித்தசையை உள்ளே இறுக்குங்கள். மூச்சை அடக்க வேண்டாம். 5 வினாடி இறுக்கி, 5 வினாடி தளர்த்துங்கள். இப்படி 10 தடவை, நாளுக்கு 3 முறை. பழகியதும் 10 வினாடியாக்கலாம். கொழுந்து நிறுக்கும் வரிசையில் நின்றபடியும் செய்யலாம். பலன் தெரிய 3 மாதமாவது ஆகும், இடையில் விடாதீர்கள். சிறுநீர் கழிக்கும்போது செய்யக் கூடாது.

அன்றாடப் பழக்கம்

• பாரத்தைப் பிரித்துச் சுமக்கவும். முழங்காலை மடக்கி, அடித்தசையை இறுக்கியபடி தூக்கவும்.
• தண்ணீர், கீரை, பழம் போதுமான அளவு எடுக்கவும். மலம் கழிக்க முக்க வேண்டாம்.
• நாட்பட்ட இருமலுக்கு மருந்து எடுக்கவும். அடுப்புப் புகை வெளியேற வழி செய்யவும்.
• தண்ணீர்க் குடத்தையும் விறகையும் வீட்டு ஆண்கள் சுமக்கட்டும். இதுவும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

யாரிடம் போவது?

தோட்டத்துக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடமோ சுகவனிதையர் கிளினிக்கிலோ சொல்லுங்கள். கிளினிக் கொப்பி தொலைந்திருந்தாலும் போகலாம். தேவைப்பட்டால் டிக்கோயா அல்லது நுவரெலியா அரசாங்க வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். அங்கே சிகிச்சை இலவசம். ஆரம்ப நிலைக்குப் பயிற்சி நன்றாக உதவும். முழுதாக வெளியே வந்துவிட்டால் பயிற்சி மட்டும் போதாது. உள்ளே வைக்கும் வளையமோ சத்திரசிகிச்சையோ தேவைப்படலாம். பச்சிலை வைக்கவோ துணி அடைக்கவோ வேண்டாம்.

சிறுநீர் போகாமல் அடைத்தால், இறங்கிய பகுதியில் புண்ணோ இரத்தமோ கண்டால், அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். மாதவிடாய் நின்ற பிறகு இரத்தம் பட்டால், சிறிதளவானாலும் தாமதிக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.