படம் கெடுவது சேமிக்கும்போது அல்ல

இணையத்திலிருந்து ஒரு பிஎன்ஜி படத்தை இறக்கிச் சேமிக்க ஜாவாஸ்கிரிப்டில் நாலு வரி எழுதுகிறோம். பிழைச் செய்தி எதுவும் வரவில்லை, கோப்பும் உருவாகிவிட்டது. ஆனால் படம் திறக்கவில்லை. கோப்பின் அளவோ மூலப் படத்தைவிடப் பெரிதாக இருக்கிறது. இது எப்படி என்று நிதானமாகப் பார்ப்போம்.

கோப்பு என்பது எண்களின் வரிசை. ஒவ்வொரு எண்ணும் 0 முதல் 255-க்குள் இருக்கும். அதைத்தான் பைட் என்கிறோம். எந்தப் பிஎன்ஜி கோப்பைத் திறந்தாலும் முதல் எட்டு பைட்டுகள் 137, 80, 78, 71, 13, 10, 26, 10 என்றே இருக்கும். இதில் 80, 78, 71 மூன்றும் பி, என், ஜி என்ற ஆங்கில எழுத்துகள். முதலில் நிற்கும் 137-ஐக் கவனித்துக்கொள்ளுங்கள்.

அநேகமாக எல்லோரும் சறுக்குவது இனிமேல்தான். எந்தத் தரவை ஸ்ட்ரிங்கில் போட்டாலும் போட்டபடியே திரும்பக் கிடைக்கும் என்று நம்பிவிடுகிறோம். ஸ்ட்ரிங் அப்படிப்பட்ட பாத்திரம் அல்ல. இணையத்திலிருந்து வரும் பதிலை டெக்ஸ்டாகக் கேட்ட நொடியிலேயே, பைட்டுகள் யுடிஎஃப்-8 விதிப்படி எழுத்துகளாக வாசிக்கப்படுகின்றன. நம் 'அ' அந்த விதியில் 224, 174, 133 என்ற மூன்று பைட்டுகள். 137-ஓ எந்த எழுத்துக்கும் முதல் பைட்டாக வர முடியாது. ஆகவே அதைத் தூக்கிவிட்டு ஒரு மாற்றுக்குறி வைக்கப்படுகிறது. கறுப்புச் சாய்சதுரத்துக்குள் கேள்விக்குறியாகத் திரையில் பார்த்திருப்பீர்கள். சேமிக்கும்போது அந்தக் குறி 239, 191, 189 என்று எழுதப்படும். ஒன்று மூன்றானது, கோப்பு பெருத்தது இதனால்தான்.

தமிழ் மட்டுமே தெரிந்தவரிடம் தெலுங்குக் கடிதம் ஒன்றைக் கொடுத்துப் படியெடுக்கச் சொன்னால், புரியாத இடத்திலெல்லாம் ஒரே கேள்விக்குறியைப் போட்டுத் தருவார் அல்லவா? அதேதான் இங்கும். 137 ஆனாலும் 255 ஆனாலும் ஒரே குறி. எது எதுவாக இருந்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. அதனால் இந்தச் சேதத்தைச் சரிசெய்ய வழியே இல்லை. மூலத்தை மறுபடி இறக்கத்தான் வேண்டும்.

இந்த முறை தரவை டெக்ஸ்டாக அல்லாமல் அரேபஃபராக (ArrayBuffer) வாங்குங்கள். எண்கள் எண்களாகவே வரும். பைத்தான் 3 இதில் கண்டிப்பானது: எழுத்துக்கோப்பாகத் திறந்ததில் பைட்டுகளை எழுதப்போனால் உடனே பிழை காட்டி நின்றுவிடும். நல்ல கண்டிப்பு அது.

கெட்ட கோப்பு கையில் இருந்தால் அதன் முதல் மூன்று பைட்டுகளைப் பாருங்கள். 239, 191, 189 என்றிருந்தால் சேமிக்கும் வரியை விட்டுவிட்டு, தரவை வாங்கும் வரியைத் திருத்துங்கள்.