விடுதிச் சாவி வாங்கும் இடத்திலேயே ஊசி

இங்கிலாந்தின் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தில் 1997-ஆம் ஆண்டு, புதிதாகச் சேர்ந்த மாணவர்களின் தொண்டையில் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்துப் பார்த்தார்கள். முதல் நாளில் மெனிங்கோகாக்கஸ் கிருமி இருந்தது 6.9 சதவீதம் பேரிடம். நான்காம் நாளில் 23.1 சதவீதம்! விடுதி மதுக்கூடம், இரவு விடுதி, சிகரெட், முத்தம் என்று பழக்கம் கூடக்கூடக் கிருமியும் கைமாறியிருக்கிறது. பெரும்பாலோரை அது ஒன்றும் செய்யாது. யாரோ ஒருவருக்கு ரத்தத்தில் கலந்துவிட்டால் மூளை உறைக் காய்ச்சல். தலைவலி என்று படுத்த பிள்ளை, மறுநாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கலாம்.

இந்தக் கிருமியின் W வகை பெருகியதால் 2015-இல் பிரிட்டன் அரசு, பள்ளி முடித்த 18 வயதினருக்கு நால்வகைத் தடுப்பூசியை இலவசமாக அறிவித்தது. குடும்ப மருத்துவரிடம் போய்ப் போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. முதல் ஓராண்டில் போட்டவர்கள் 36.6 சதவீதம்தான். இதை அலட்சியம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தேர்வு முடிவு, கல்லூரி இடம், ஊர் மாற்றம் எல்லாம் ஒன்றாக வந்து விழும் நேரம் அது.

இதற்கு மாறாக, அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். 2013-இல் அங்கே இதே கிருமியின் B வகையால் காய்ச்சல் அடுத்தடுத்து வந்தது. அதற்கான ஊசிக்கு அமெரிக்காவில் அப்போது உரிமமே இல்லை. தனி அனுமதியோடு வரவழைத்து, டிசம்பரில் வளாகத்துக்குள்ளேயே, மாணவர்கள் சாப்பிடவும் அரட்டையடிக்கவும் கூடுகிற மையத்தில் இலவசமாகப் போட்டார்கள். தகுதியுள்ளவர்களில் ஏறத்தாழ 90 சதவீதம் பேர் முதல் தவணை போட்டுக்கொண்டனர். பயமும் ஒரு காரணம்தான். ஆனால் பயந்தவனுக்கும் ஊசி பக்கத்தில் கிடைக்க வேண்டுமே. விடுதிச் சாவி கொடுக்கும் இடத்திலேயே ஒரு செவிலியரை உட்கார வைத்தால் என்ன?

இங்கிருந்து பிள்ளைகளை அமெரிக்காவுக்குப் படிக்க அனுப்பும் பெற்றோருக்கும் இதில் விஷயம் இருக்கிறது. டெக்சாஸில் 22 வயதுக்குட்பட்ட புது மாணவர்கள், வகுப்பு தொடங்க 10 நாட்களுக்கு முன்பாவது நால்வகை ஊசியைப் போட்டிருக்க வேண்டும். ஊசி போட்ட சான்றிதழ் கைக்கு வந்ததும் வேலை முடிந்ததென்று இருந்துவிடுகிறோம். ஆனால் அந்த நால்வகை ஊசி தடுப்பது A, C, W, Y வகைகளை மட்டுமே. B வகைக்கான ஊசி தனி. 16 முதல் 23 வயதுவரை உள்ளவர்கள் மருத்துவரோடு பேசி முடிவெடுக்கட்டும் என்று அமெரிக்கா விட்டிருக்கிறது. கேட்காதவருக்கு அது கிடைக்காமலே போகலாம். போய்ச் சேர்ந்ததும் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் B ஊசி பற்றிக் கேட்கச் சொல்லுங்கள். ஒரே தவணையில் அது முடியாது. காப்பீட்டில் அடங்குமா என்பதையும் அப்போதே விசாரித்துக்கொள்ளட்டும்.